விடியக்காலை அஞ்சு மணிக்கு மொட்டை மாடியில

கேள்வி: எங்க அக்கா மகனுக்கு 16 வயசு. அக்கா அவனோட 9 வயசுல போயிட்டா. அவங்க அப்பா இருந்தும் இல்லாத கணக்கு, குடியும் அடியும்தான். நான்தான் வளர்த்தேன். 13 வயசுல கஞ்சா பழகிட்டான், விடியக்காலை அஞ்சு மணிக்கே மொட்டை மாடிக்குப் போய் இழுப்பான். போன மாசம் ரெண்டு பெரிய பசங்களோட சேர்ந்து ஒரு டூவீலர எடுத்ததா போலீஸ் புடிச்சிருச்சு, பாக்கெட்ல பொட்டலமும் இருந்துச்சு. கேஸ்ல சிக்குன சின்னப் பசங்கள வைக்கிற கூர்நோக்கு இல்லத்துக்குப் போய் 19 நாளாச்சு. பாக்கப் போனா தூக்கமே இல்ல, கெட்ட கனவா வருது, அம்மா கூப்பிடுறாங்கங்கறான், ரொம்ப மெலிஞ்சுட்டான். எங்க வீட்டுக்காரர் ஜாமீன் எடுக்க வேணாம், உள்ள கிடந்தாத்தான் புத்தி வரும், வெளிய வந்ததும் ஆறு மாசம் டீ-அடிக்‌ஷன் சென்டர்ல போட்டுருவோம்னு சொல்றார். கஞ்சா இவன் மூளைய கெடுத்துருச்சா? நான் என்ன செய்யட்டும்?
– கம்பம் பக்கத்துல இருந்து ஒரு சித்தி

பதில்:

அம்மா, உங்க லெட்டர் நாலு பக்கம், மேல இருக்கறது அதோட சுருக்கம்தான். பேரு, தெரு, ஸ்கூலு எல்லாத்தையும் நானே எடுத்துட்டேன், 18 வயசுக்குக் கீழ ஒரு பையன் கேஸ்ல இருந்தா அவன் யாருன்னு தெரியற மாதிரி எங்கயும் போடக்கூடாது, சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவு. சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல யாராச்சும் இவனப் பத்தி எழுதியிருந்தா இன்னைக்கே அழிக்கச் சொல்லுங்க.

மத்ததெல்லாம் அப்புறம். "அம்மா கூப்பிடுறாங்க"ன்னு சொன்னான்ல, அத முதல்ல பேசிருவோம். அது கனவுலயா, இல்ல முழிச்சிருக்கறப்பவும் காதுல கேக்குதான்னு அவன்கிட்டயே கேக்கணும். கனவுல மட்டும்னா ஒரு வழி, முழிச்சிருக்கும்போதும் குரல் கேக்குது, சுத்தி இருக்கறவங்க எல்லாம் தன்னைப் பத்தியே பேசுறாங்கன்னு தோணுதுன்னா அது வேற வழி, டாக்டர் உடனே பாக்கணும். அதோட நம்ம ஊர்ல செத்தவங்க கூப்பிடுறாங்கன்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால நேராவே கேளுங்க, "செத்துப் போயிரலாம்னு தோணுதாப்பா?" கேட்டா இல்லாத எண்ணம் வந்துரும்னு பயப்பட வேணாம், அப்படி வராது, கேக்காம விட்டாத்தான் அந்தப் பய அத தனியா வச்சுக்கிட்டு கிடப்பான். ஆமான்னு தலையாட்டினாலோ, பதில் சொல்லாம மூஞ்சிய திருப்பிக்கிட்டாலோ, அங்கிருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே சூப்பிரண்டெண்ட்கிட்ட வாயால சொல்லி, ஒரு வெள்ளைப் பேப்பர்ல எழுதியும் குடுங்க. பையனுக்கு மனநல சிகிச்சையோ போதைப்பழக்க சிகிச்சையோ தேவைன்னு, சிறார் கேஸ விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தோணுச்சுன்னா அதுக்கான இடத்துக்கு அனுப்ப உத்தரவு போடலாம், 93வது பிரிவுல இருக்கு. இது யாரும் உங்களுக்குச் செய்யற சலுகை கிடையாது, கேக்க வேண்டியத கேக்குறீங்க.

இப்ப அந்த மொட்டை மாடிக்கு வருவோம். "விடியக்காலையிலயே இழுக்குற அளவுக்கு அடிமையாயிட்டான்"னு ரெண்டாவது பக்கத்துல எழுதியிருக்கீங்க. மூணாவது பக்கத்துல வேற ஒரு விசயம் எழுதியிருக்கீங்க, ரெண்டையும் சேர்த்துப் பாத்தீங்களான்னு தெரியல. கேரளாவுல வண்டன்மேட்டுப் பக்கம் தோட்டத்து லயத்துல, அதான் தொழிலாளிங்க வரிசை வீட்ல, அண்ணன் தம்பி அக்கம்பக்கம்னு யாரும் கேக்க ஆளில்லாம உங்க அக்கா அடி வாங்கிட்டு இருந்தத பாத்து நீங்கதான் கீழ கூட்டிட்டு வந்தீங்க, அதுக்கப்புறமும் அவங்க அதே ஏலத்தோட்டத்துக்குத்தான் தினம் கம்பம் மெட்டு ஏறி ஜீப்ல போயிட்டு வந்தாங்க, அஞ்சு மணிக்கு தெருமுனையில ஹாரன் அடிச்சதும் தூக்குவாளியத் தூக்கிட்டு ஓடுவாங்க, இவன் தூக்கக் கலக்கத்துலயே மாடியில நின்னு கை காட்டுவான், ஒருநாள் போன ஜீப் வளைவுல கவுந்துருச்சு. ரெண்டு நாளைக்கு "அம்மா ஆஸ்பத்திரியில இருக்கா"ன்னு சொல்லி பக்கத்து வீட்லயே வச்சிருந்துட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம்தான் சொல்லியிருக்கீங்க. சின்னப் பையன் பயந்துருவான்னுதான் முகத்தக்கூட காட்டல.

கம்பத்துல இன்னைக்கும் அஞ்சு மணிக்கு ஜீப் போகுதுல்லம்மா, ஹாரன் அடிக்குதுல்ல.

அந்த நேரத்துலதான் அவன் மாடிக்குப் போறான். இது என்னோட ஊகம்தான், அவனே சொல்ற வரைக்கும் உறுதியா சொல்ல மாட்டேன், ஆனா இருவது வருசத்துக்கு மேல இந்தப் பசங்களோட உக்காந்த ஆளுங்கற முறையில சொல்றேன், "எதுக்குடா இழுத்த"ன்னு கேட்டா ஒருத்தனும் பதில் சொல்ல மாட்டான், "எந்த நேரத்துல இழுக்கணும்னு தோணும்"னு கேட்டா பாதிக் கதை தானா வெளிய வந்துரும்.

நானும் ஆரம்பத்துல தப்பாத்தான் பண்ணேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ஹோமுக்கு வாராவாரம் போவேன், கஞ்சாவின் தீமைகள்னு நுரையீரல் படம், மூளை படம் எல்லாம் சார்ட் போட்டு மாட்டி ஒன்றரை மணி நேரம் கிளாஸ் எடுப்பேன், பசங்க பவ்யமா கேட்டுட்டு இருப்பாங்க. ஒருநாள் கடைசி வரிசையில இருந்து ஒருத்தன் எந்திரிச்சு, "சார் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார், இது இல்லாம ராத்திரி எப்படி தூங்குறதுன்னு மட்டும் சொல்லுங்க சார்"னான். என்கிட்ட பதில் இல்ல. அடுத்த வாரத்துல இருந்து சார்ட் எடுத்துட்டுப் போகல.

இது நம்மூர் சங்கதி மட்டும் இல்ல. அமெரிக்காவுல சிகாகோ இருக்கற குக் கவுண்ட்டியில 1995ல இருந்து 1998 வரைக்கும் அடைச்சு வச்சிருந்த 10லேருந்து 18 வயசுப் பிள்ளைங்க 1829 பேர லிண்டா டெப்ளின்ங்கறவங்களோட டீம் உக்கார வச்சு பேட்டி எடுத்து, அப்புறமும் வருசக்கணக்கா பின்தொடர்ந்துச்சு. பசங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்குக் கிட்ட, பொண்ணுங்கள்ல நாலுல மூணு பங்குக்குக் கிட்ட ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்துச்சு, பாதிப்பேருக்குப் பக்கத்துல போதைப்பழக்கம் நோய்ங்கற அளவுல இருந்துச்சு. அதே பிள்ளைங்கள்ல ஒரு பகுதிப் பேர்கிட்ட தனியா கேட்டப்போ 92.5 சதவீதம் பேர் வாழ்க்கையில ஒரு தடவையாச்சும் பெரிய அதிர்ச்சிய சந்திச்சிருந்தாங்க. அது சிகாகோ கணக்கு, அத அப்படியே தேனி மாவட்டத்துக்கு ஒட்ட முடியாது, அங்க துப்பாக்கி, இங்க வேற. ஆனா உள்ள வந்த பிள்ளைங்க முதுகுல என்ன மூட்டை இருக்குன்னு பாக்காம மேல இருக்கற பொட்டலத்த மட்டும் பாக்குறது எவ்வளவு பெரிய அபத்தம்னு அந்தக் கணக்கு சொல்லுது.

சரி, கஞ்சா என்ன பண்ணுது. சின்ன வயசுல வீட்ல தினம் அடியும் சத்தமும் பாத்து வளர்ந்த பிள்ளைக்கு மூளையில அபாய மணி ஒண்ணு அடிச்சுக்கிட்டே இருக்கும், கதவு டமால்னு சாத்தினா துள்ளுவான், யாராச்சும் குரல உயர்த்தினா கை ஓங்குவான், இல்லாட்டி கல்லு மாதிரி உறைஞ்சு நிப்பான். கஞ்சாவுல இருக்கற டிஎச்சிங்கற பொருள் அந்த மணிய கொஞ்ச நேரத்துக்கு அமுக்குது, அதோட கனவு வர்ற தூக்கத்தயும் குறைக்குது. கெட்ட கனவுக்குப் பயந்து படுக்கவே மாட்டாத பயலுக்கு அது எம்புட்டு பெரிய நிம்மதின்னு யோசிச்சுப் பாருங்க. பிரச்சினை என்னன்னா கடன்காரன் மாதிரி வட்டி போட்டு திரும்ப வாங்கிடும். தினம் இழுக்க இழுக்க மூளை தன்கிட்ட இருக்கற இயற்கையான நிதானத்த குறைச்சுக்கும், கிறக்கம் இறங்கினதும் பதட்டமும் கோபமும் முன்ன விட அதிகமா வரும், அத அமுக்க இன்னும் ஒண்ணு. அவன் உங்க மேல தட்டத் தூக்கி எறிஞ்சது, சாமி படத்த உடைச்சது எல்லாம் போதையில இல்ல, போதை இறங்குன நேரத்துலன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, கவனிச்சீங்களா.

மூளை கெட்டுருச்சான்னு கேட்டீங்க. ஒரேடியா கெட்டுருச்சுன்னு சொல்ல முடியாது, ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்ல மாட்டேன். ஸ்வீடன்ல ராணுவத்துக்கு ஆள் எடுத்தப்போ 45,000 பேருக்கு மேல விசாரிச்சு வச்சு, 15 வருசம் கழிச்சுப் பாத்தா, 18 வயசுக்குள்ள அம்பது தடவைக்கு மேல கஞ்சா அடிச்சவங்களுக்கு மனச்சிதைவு வர்றது மத்தவங்களவிட ஆறு மடங்கு அதிகமா இருந்துச்சு, 1987ல வெளிவந்த ஆய்வு. அப்பவும் அடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த நோய் வரல. குடும்பத்துல யாருக்காச்சும் மனநோய் இருந்துச்சான்னு டாக்டர் கேப்பார், உங்க பக்கமோ அவங்க அப்பா பக்கமோ, கௌரவம் பாத்து மறைச்சுராதீங்க. 16 வயசுல மூளை இன்னும் வளர்ந்துட்டு இருக்கு, அது ஆபத்தும்தான், நல்லதும்தான். முழுசா நிறுத்தினா நாலு வாரத்துல மூளையில கஞ்சா போய் ஒட்டுற இடங்கள், ஏற்பிகள்னு சொல்வாங்க, அது கிட்டத்தட்ட பழைய நிலைக்கு வருதுன்னு ஸ்கேன்ல பாத்திருக்காங்க.

இப்ப உள்ள நடக்குறது அதுதான். நிறுத்தின முதல் வாரம்தான் மோசம், எரிச்சல், வேர்வை, சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. ரெண்டு வாரத்துல பெரும்பாலும் அடங்கும், தூக்கமும் கனவும் மட்டும் ஒரு மாசம் வரைக்கும், சில பேருக்கு அதுக்கு மேலயும் இழுக்கும். மூணு வருசமா அமுக்கி வச்ச கனவெல்லாம் ஒண்ணா திறந்துக்கிட்டு வருது. அதனால 19வது நாள் கனவு வர்றது எனக்கு ஆச்சரியமா இல்ல, ஆனா 19வது நாளும் சாப்பிடாம மெலிஞ்சுட்டே போறான்னா அத கஞ்சா கணக்குல எழுத மாட்டேன், அது துக்கமா இருக்கலாம், மனச்சோர்வா இருக்கலாம், உள்ள பெரிய பசங்க யாராச்சும் மிரட்டுறாங்களான்னும் பாக்கணும். இன்னொண்ணு, 11 வயசுல ஒரு லீவுக்கு அவங்க அப்பாவோட கூட்டாளி வீட்ல விட்டீங்க, திரும்பி வந்ததுல இருந்து அந்தப் பேரச் சொன்னாலே வெளிய ஓடிருவான்னு எழுதியிருக்கீங்க. ஏதோ நடந்திருக்கலாம், வெறும் அடியா இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம். நீங்க துருவாதீங்க. ஆனா அவனா வாயத் திறந்தா "நீ சொல்றத நான் நம்புறேன், உன் மேல தப்பில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு, குழந்தைகள் உதவி எண் 1098க்கோ போலீசுக்கோ தெரியப்படுத்தணும், பாலியல் கொடுமையா இருந்தா போக்சோ சட்டப்படி அது கட்டாயம், ஆம்பளப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம்.

உங்க வீட்டுக்காரர் சொன்ன ரெண்டு விசயம். அவர் கெட்டவர்னு நான் நினைக்கல, அக்கா மகன ஏழு வருசம் சோறு போட்டு வளர்த்த மனுசன், அலுத்துப் போயிருக்கார். ஆனா ரெண்டுமே தப்பு.

உள்ள கிடந்தா புத்தி வரும்ங்கறது பெரியவங்க ஜெயிலுக்கே பெருசா வேலை செய்யறதில்ல. சிறார் நீதிச் சட்டத்துல 12வது பிரிவுப்படி பையனுக்கு ஜாமீன்ங்கறதுதான் வழக்கம், குற்றவாளிங்களோட சேர்ந்துருவான், வெளிய போனா அவனுக்கே ஆபத்து, நீதி கெட்டுரும், இந்த மாதிரி காரணம் இருந்தாத்தான் மறுக்கலாம். அதனால கேள்வி "ஜாமீன் எடுக்கலாமா"ங்கறது இல்லம்மா, வெளிய வந்தா அந்த ரெண்டு பெரிய பசங்ககிட்ட இருந்து எங்க வச்சுப் பாதுகாக்கப் போறீங்கங்கறதுதான், குழுமத்துல அதத்தான் கேப்பாங்க. உங்க தம்பி திருப்பூர்ல இருக்கார்னு எழுதியிருக்கீங்க, அது ஒரு வழி. வக்கீலுக்குக் காசு இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, குழந்தைங்களுக்கு இலவசம். டூவீலர் திருட்டு, பாக்கெட்ல ஒரு பொட்டலம், கஞ்சாவுல ஒரு கிலோ வரைக்கும் போதைப்பொருள் சட்டம் சிறிய அளவுன்னுதான் சொல்லுது, பெரிய கேஸ்னு யாராச்சும் மிரட்டி காசு கேட்டா வக்கீல முன்ன விட்டுப் பேசுங்க. கேஸ் ஆயிருச்சு, இனி கவர்மெண்ட் வேலை கிடையாதுன்னு உங்க மாமனார் சொன்னாராம், சிறார் நீதிச் சட்டம் 24வது பிரிவ அவருக்குப் படிச்சுக் காட்டுங்க, சிறார் வழக்கால எந்தத் தகுதியிழப்பும் வராது.

இன்னொண்ணு, மெட்டுல இருந்து பொட்டலம் கொண்டாந்து குடுக்க இவனத்தான் அந்த ரெண்டு பேரும் அனுப்புவாங்கன்னு இப்பத்தான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு சின்னப் பையன கஞ்சா கடத்த, விக்க பயன்படுத்தினவனுக்கு ஏழு வருசம் வரைக்கும் கடுங்காவலும் ஒரு லட்சம் வரைக்கும் அபராதமும் இருக்கு, அதே சிறார் சட்டம் 78வது பிரிவு. பயந்துக்கிட்டு மறைக்காதீங்க, வக்கீல்கிட்ட சொல்லுங்க. (கம்பம்னு சொன்னாலே வெளியூர்க்காரன் கண்ணடிச்சுக்கிட்டு கஞ்சாவத்தான் கேக்குறான், பன்னீர் திராட்சை விளையுற ஊருக்கு வந்த பேரப் பாருங்க. இந்தப் பேர வச்சு சம்பாதிக்கிறவன் ஒருத்தன், உள்ள போறது எவன் வீட்டுப் பிள்ளையோ.)

ஆறு மாசம் சென்டர்ல அடைக்கிற யோசனைய விட்டுருங்க. 2017 மனநலச் சட்டத்துல மைனர் பையன உள்நோயாளியா சேர்க்கணும்னா ரெண்டு நிபுணர்கள் தனித்தனியா பாத்து தேவைன்னு சொல்லணும், பெரியவங்களோட சேர்த்து வைக்கக் கூடாது, வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே இருக்கணும், 72 மணி நேரத்துக்குள்ள மனநல வாரியத்துக்குத் தெரிவிக்கணும். சுவத்துல போஸ்டர் ஒட்டி "ஒரே வாரத்தில் மறக்கடிப்போம்"ங்கறவன்கிட்ட இதுல எது நடக்கும்? கஞ்சாவ விட வைக்கன்னே அங்கீகரிச்ச ஊசி மாத்திரை இதுவரைக்கும் கிடையாது. தூக்கத்துக்கோ மனச்சோர்வுக்கோ டாக்டர் குடுத்தா அது வேற. நாற்பது வயசு குடிகாரங்களுக்கு நடுவுல அடைபட்டு அடி வாங்கிட்டு வந்த பசங்கள நான் பாத்திருக்கேன், வெளிய வந்த அன்னைக்கு ராத்திரியே பொட்டலம் தேடிப் போனாங்க.

வேணுங்கறது பேச்சு வைத்தியம், கஞ்சாவுக்குத் தனியா அதிர்ச்சிக்குத் தனியான்னு பிரிக்காம ரெண்டையும் சேர்த்துப் பாக்குற ஆள்கிட்ட. நினைப்பையும் நடத்தையையும் மாத்திப் பழக்குற சிபிடிங்கற பேச்சு வைத்தியத்துல அதிர்ச்சிக்குன்னே இருக்கற வகையில வாரம் ஒண்ணுன்னு 12லேருந்து 16 சிட்டிங் மாதிரி போகும், அதுல உங்களையும் உக்கார வைப்பாங்க. க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்குப் போய் ஆரம்பிங்க. நடுராத்திரி கை நடுங்குதுன்னா 14416, டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, உங்களுக்காகவும் கூப்பிடலாம்.

நன்னடத்தை அலுவலர் ஒருத்தர் இவனப் பத்தி சமூக விசாரணை அறிக்கை எழுதணும், முதல்ல ஆஜர்படுத்தின நாள்ல இருந்து 15 நாள்தான் கெடு, இன்னும் உங்க வீட்டுக்கு வரலைன்னு எழுதியிருக்கீங்க, நீங்களே போங்க. ஏன்னா இவன் வாழ்க்கையில பாதி மெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு, இங்க உள்ள எந்தப் பேப்பர்லயும் அது வராது. நாலாவது வரைக்கும் மலையாளத்துல படிச்ச பையன அம்மா போன அதே வருசம் தமிழ் மீடியத்துல அஞ்சாவதுல சேர்த்து, எழுத்துக்கூட்டத் தெரியாம நின்னப்போ கிளாசே சிரிச்சு, எட்டாவதோட நின்னுட்டான். ரிப்போர்ட்ல "படிப்பில் நாட்டமில்லை"ன்னு ஒரு வரியில முடிச்சுருவாங்க. அந்தப் பழைய மலையாள ஸ்கூல் டிசி இருந்தா கையோட எடுத்துட்டுப் போங்க, அவங்க அப்பா அடிச்சதுக்கு அப்ப ஆஸ்பத்திரி சீட்டு ஏதாச்சும் இருந்தா அதையும். கூச்சப்படாம சொல்லுங்க.

ராத்திரிக்கு அவன் செய்யக்கூடியது ஒண்ணு சொல்லிக் குடுக்கலாம். கனவுல முழிச்சா மூஞ்சில பச்சத்தண்ணி அடிச்சுக்கிட்டு, கண்ணுக்குத் தெரியற அஞ்சு பொருள், காதுல கேக்குற மூணு சத்தம்னு வாய்க்குள்ள எண்ணச் சொல்லுங்க, "நான் இங்க இருக்கேன், இது இப்ப"ன்னு உடம்புக்கு ஞாபகப்படுத்தத்தான். பகல்ல அதே கனவ எடுத்து முடிவ மட்டும் மாத்தி, ஜீப் கவுறாம வீடு வந்து சேர்ற மாதிரி, தினம் பத்து நிமிசம் மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கணும். கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா நிறைய பேருக்கு கனவோட உக்கிரம் குறையுது. இத அங்க இருக்கற கவுன்சிலரோட சேர்ந்து செஞ்சா நல்லது.

மனு போட்டு அவனப் பாக்கப் போறப்போ "உன்னால மானம் போச்சு"ன்னு ஆரம்பிக்காதீங்க, கிடைக்கிறது கொஞ்ச நேரம், கேஸ் எந்த அளவுல இருக்கு, அடுத்து எப்ப வருவீங்க, இத ரெண்டையும் தெளிவா சொல்லுங்க, சொன்ன நாள்ல போங்க. ஆஸ்பத்திரியில இருக்கான்னு பொய் சொல்லப்பட்ட பிள்ளை அவன்.

அப்புறம் உங்க அக்கா. ஏழு வருசமா அவங்க பேர வீட்ல யாரும் எடுக்கறதில்ல, எடுத்தா நானே அழுதுருவேன்னு எழுதியிருக்கீங்க. அவன் முன்னாடி அழுங்கம்மா, ஒண்ணும் ஆகாது. அந்த ரெண்டு நாள் ஏன் மறைச்சீங்கன்னு சொல்லி, தப்புப் பண்ணிட்டோம்னும் சொல்லுங்க. கொள்ளி போட்டது யாரோ சித்தப்பா முறைக்காரர், மகன் இவன் பக்கத்து வீட்ல டிவி பாத்துட்டு இருந்திருக்கான். வெளிய வந்தப்புறம் ஒரு அமாவாசைக்கு சுருளி அருவிக்குக் கூட்டிட்டுப் போய் அம்மாவுக்கு திதி குடுக்க அவனுக்கு விருப்பமான்னு கேளுங்க, நான் பெருசா சாமி கும்பிடுற ஆள் இல்ல, ஆனாலும் சொல்றேன். வேணாம்னா வற்புறுத்தாதீங்க.

அடுத்த மனுவுக்கு அக்கா போட்டோ ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. உள்ள குடுக்க விடுவாங்களான்னு முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கங்க, சட்டம் போட்ட கண்ணாடிப் படம் வேணாம், சும்மா பிரிண்ட் போதும்.